பிலிப்பைன்ஸ் பெண்களின் கைவினை: யாரிடம் ஆர்டர் கொடுப்பது?

நூறு பை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் ஆண்டு இறுதிப் பரிசாகக் கொடுக்க, அல்லது ஒரு சின்னக் கடையில் வைத்து விற்க. பிலிப்பைன்ஸில் பெண்கள் கையால் செய்ததாக இருக்க வேண்டும். கொடுக்கிற காசில் கணிசமான பங்கு அந்தப் பெண்களுக்குப் போக வேண்டும். வாங்கியவர் பரணில் போட்டுவிடாமல் தோளில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரியும் இருக்க வேண்டும். மணிலாவில் வேலை பார்க்கும் நம்மவர்களோ, டாவோவில் பிள்ளைகளை மருத்துவம் படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோரோ இப்படித் தேடத் தொடங்கினால் நிறுவனங்கள் வரிசையாக வந்து நிற்கும்.

எல்லோரும் காட்டுவது ஒரே படம்தான்: தறிக்கு முன்னால் சிரிக்கும் ஓர் அம்மா. படத்தை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. பெயரை வைத்தும் முடியாது. ‘சமூகத் தொழில் நிறுவனம்’ என்று தனியாக ஒரு சட்ட வடிவம் கொண்டுவர பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றத்தில் 2010களிலிருந்தே மசோதா சுற்றிக்கொண்டிருந்தது. சட்டமாகாமலே ஒவ்வொரு அவையும் கலைந்தது. ஆகவே தனியார் கம்பெனி, கூட்டுறவுச் சங்கம், தொண்டு நிறுவனம், துணிக்கடை என யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைச் சூடிக்கொள்ளலாம்.

நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தை: வடிவத்தை முடிவு செய்வது யார்? பையின் அளவு, நிறம், பூ வேலை, எங்கே வெட்டுவது, எங்கே தைப்பது, இதையெல்லாம் தீர்மானிப்பவர் கையில்தான் விலையும் இருக்கிறது. இந்தக் கேள்வியோடு போனால் நிறுவனங்கள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும். அவற்றில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, பயாத்தாஸ் பெண்களோடு தொடங்கிய ரேக்ஸ்-டு-ரிச்சஸ். பயாத்தாஸ் மணிலாவை ஒட்டிய கெசோன் சிட்டியின் குப்பைமேடு. 2000 ஜூலை 10 அன்று மழையில் அந்த மேடு சரிந்து குடிசைகள் மேல் விழுந்ததில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். 2017-ல்தான் அதை மூடினார்கள். சுற்றியிருந்த குடும்பங்களுக்குக் குப்பை பொறுக்குவதுதான் பிழைப்பு. ஆயத்த ஆடை ஆலைகளிலிருந்து வரும் வெட்டுத்துணிகளைப் பெண்கள் எடுத்துவந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே வீட்டில் மிதியடி பின்னினார்கள். தொடக்கத்தில் துணி சும்மா கிடைத்தது. மிதியடி விற்கிறது என்று தெரிந்ததும் இடைத்தரகர்கள் உள்ளே வந்தார்கள். வெட்டுத்துணியை அவர்களே வளைத்துப்போட்டு பெண்களுக்கு விற்றார்கள், பின்னி முடித்த மிதியடியையும் அவர்களே வாங்கிக்கொண்டார்கள். இரண்டு முனையும் ஒரே ஆள் கையில் இருந்தால் நடுவில் இருப்பவருக்குச் சில்லறைதான் மிஞ்சும்.

2007-ல் ரீஸ் பெர்னாண்டஸ் என்ற இளம்பெண்ணும் நண்பர்களும் தொடங்கிய இந்த நிறுவனம் முதலில் செய்தது தரகரைத் தாண்டித் துணி வாங்கியது. ஆனால் அதோடு நின்றிருந்தால் மிதியடிக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கிடைத்திருக்கும், அவ்வளவுதான். மணிலாவின் பெரிய ஆடை வடிவமைப்பாளர்களில் ஒருவரான ராஹோ லாரலை அழைத்துவந்ததுதான் திருப்பம். அதே துணி, அதே பின்னல், அதே விரல்கள். காலடியில் கிடந்தது கைப்பையாக மாறி மாலுக்குப் போயிற்று. 2010-ல் ரீஸ் ரோலெக்ஸ் விருதின் இளையோர் பிரிவில் தேர்வானார். நிறுவனம் பின்னர் திங்ஸ் தட் மேட்டர் என்று பெயரை மாற்றிக்கொண்டது.

வாங்குகிறவர் கோணத்தில் பார்த்தால் இந்த மாதிரி நிறுவனத்தோடு வேலை செய்வது சுலபம். மாதிரி காட்டுவார்கள், ஜிப்பும் லைனிங்கும் ஒழுங்காக இருக்கும், சொன்ன தேதிக்குப் பெட்டி வந்து சேர வாய்ப்பு அதிகம். கம்பெனி முத்திரை பதிக்க வேண்டும் என்றாலும் பேசலாம். ஒரு சிக்கல், ஆலை எதைக் கழித்துப் போடுகிறதோ அந்த நிறம்தான் கிடைக்கும். எங்கள் கம்பெனி நீலம் இதே நீலமாக இருக்க வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் இந்தப் பக்கம் வரக்கூடாது.

பின்னுகிற பெண்ணின் கோணத்தில் பார்த்தால் கணக்கு வேறு. பின்னல் அவருடையது, பை அவருடையது இல்லை. வடிவம், தோல் பட்டை, பிராண்டு, கடை எல்லாம் கம்பெனியிடம். நாளைக்கு ஆர்டர் நின்றால் அந்தப் பையை அவரே செய்து தெருவில் விற்க முடியாது. மிதியடியை விற்கலாம். வருமானம் பல மடங்கு உயர்கிற இடத்தில் சார்பும் கூடவே வருகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வடிவமைப்பாளர் உள்ளே வரும் எந்தத் தொழிலிலும் இது இருக்கும். ஆனால் இத்தகைய நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ‘பெண்களுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்’ என்பது மட்டுமாக இருக்கக்கூடாது. ‘ஆர்டர் இல்லாத மாதத்தில் என்ன செய்கிறார்கள்’ என்றும் கேளுங்கள். சேமிப்பு, காப்பீடு, பயிற்சி என்று தெளிவாகப் பதில் வந்தால் நல்ல இடம்.

இரண்டாவது, மணிலாவை அடுத்த பாசிக் நகரத்தின் ஊகோங் பகுதியில் இருக்கும் கிலுஸ். இது பெண்களின் கூட்டுறவு. 1990களின் இறுதியில் தெருவைச் சுத்தமாக வைக்கும் முயற்சியாகத் தொடங்கியது. பிள்ளைகள் குடித்துவிட்டு வீசும் ஜூஸ் பாக்கெட்டுகள் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய அடுக்குகளால் ஆனவை. பிரித்தெடுக்க முடியாது என்பதால் பழைய இரும்புக் கடைக்காரர்கூட வாங்கமாட்டார். அவை போய்ச் சாக்கடையை அடைக்கும், அடைத்தால் மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர். இந்தப் பெண்கள் அவற்றைச் சேகரித்து, கழுவி, தரம் பிரித்து, வெட்டி, தையல் மிஷினில் பையாக்கினார்கள். பைகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறின. (பாசிக்கை ஒட்டியிருக்கும் கயின்டா என்ற ஊரில், 1762-ல் சென்னையிலிருந்து கிளம்பி மணிலாவைப் பிடித்த ஆங்கிலப் படையோடு போய் அங்கேயே தங்கிவிட்ட சிப்பாய்களின் வம்சாவளியினர் இருக்கிறார்கள். பை வாங்கப் போகிறவர்கள் அந்தப் பக்கமும் ஒரு நடை போகலாம்.)

இங்கே வடிவத்தைப் பெருமளவு முடிவு செய்வது பொருளே. பாக்கெட்டின் அகலம்தான் அளவு, அதில் அச்சடித்த மாம்பழமும் ஆரஞ்சும்தான் அலங்காரம். மிச்சத்தை நீங்கள் சொல்லலாம், அதுதான் இந்த வகையின் வசதி. அளவும் படமும் கொண்டுபோனால் தைத்துத் தருவார்கள். அமைப்பும் வேறு: கூட்டுறவில் உறுப்பினர்தான் உரிமையாளர். 2008-ன் கூட்டுறவுச் சட்டப்படி குறைந்தது 15 பேர் சேர்ந்தால் சங்கம் அமைக்கலாம், ஆண்டு முடிவில் உபரியில் உறுப்பினருக்குப் பங்கு உண்டு. பயாத்தாஸ் பெண் கூலியில் உயர்ந்தார் என்றால் பாசிக் பெண்ணுக்குச் சங்கத்தில் ஓட்டும் இருக்கிறது.

பிறகு ஏன் எல்லோரும் கூட்டுறவிடமே போகவில்லை? உண்மையைச் சொன்னால், பார்வைக்காக. ஜூஸ் பாக்கெட் பை ஒன்று பிடிக்கும், இல்லாவிட்டால் சுத்தமாகப் பிடிக்காது. நடுவில் எதுவும் கிடையாது. கடற்கரைக்கு, சந்தைக்கு, பள்ளிப் பிள்ளைக்கு அருமை. வங்கி மேலாளருக்கு ஆண்டு இறுதிப் பரிசாகக் கொடுத்தால் அவர் மனைவி அதில் வெங்காயம் வாங்குவார். இன்னொன்று, பை தோளில் தொங்கும் வரை அந்த ஜூஸ் கம்பெனிக்கு இலவச விளம்பரம். அந்தக் கம்பெனிகளே பாக்கெட் தயாரிக்கிற விதத்தை மாற்றியிருக்க வேண்டும் என்ற கோபம் எனக்கு எப்போதும் உண்டு. அந்தக் கோபத்தை ஊகோங் பெண்கள் மேல் காட்ட முடியாது.

மூன்றாவது, செபு நகரத்தின் ஆன்ட்ஹில். 2010-ல் ஆன்யா லிம்மும் அவருடைய அம்மாவும் தொடங்கிய துணிக்கடை. நாட்டின் பல பகுதி நெசவாளர் குழுக்களிடமிருந்து கைத்தறித் துணி வாங்கி, இன்றைக்கு உடுத்தும்படி சட்டை, ஜாக்கெட், பை என்று தைத்து விற்கிறார்கள். செபுத் தீவின் தெற்கே ஆர்காவ் போன்ற ஊர்களில் ஹாப்லோன் என்ற பழைய பருத்தி நெசவு உண்டு. மலிவான ஆலைத்துணி வந்த பிறகு பிலிப்பைன்ஸின் எல்லாக் கைத்தறிக்கும் நேர்ந்ததுதான் அதற்கும் நேர்ந்தது. இளம்பெண்கள் தறியை விட்டு மணிலாவுக்கும் ஹாங்காங்குக்கும் வீட்டு வேலைக்குப் போனார்கள். அவர்களைத் தறிக்குத் திரும்ப அழைக்க வேண்டுமானால் வாரா வாரம் ஆர்டர் இருக்க வேண்டும். திருவிழா உடைக்கு மட்டும் நெய்தால் அது நடக்காது. ஆன்ட்ஹில் பிடித்துக்கொண்டது இந்தப் புள்ளியைத்தான்: கைத்தறியைத் திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போடும்படி செய்வது. வெட்டி மிஞ்சும் துண்டுகளையும் வீசாமல் மறுபடி நெய்கிறார்கள்.

இதில் வடிவம் இருவருக்கும் நடுவில் இருக்கிறது. பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) எத்தனை நிறம், கோடு எவ்வளவு அகலம் என்பதைக் கடையும் நெசவாளரும் பேசி முடிவு செய்கிறார்கள். துணி நெசவாளரின் அறிவு, தையல் கடையின் அறிவு. நெசவாளர் விற்பது துணி என்பதால் கடை இல்லாவிட்டாலும் அவருக்கு வேறு வாடிக்கை சாத்தியம். நூறு பை ஆர்டருக்கு மூன்று கேள்விகள் கேட்பேன்: துணி கைவசம் இருக்கிறதா, புதிதாக நெய்ய வேண்டுமா, நெய்தால் எந்த ஊரில்? துணி இருப்பிலிருந்து என்றால் நாள் குறையும். புதிதாக என்றால் நடவோ அறுவடையோ வந்துவிட்டால் தறி நிற்கும், ஏனென்றால் நெசவு செய்யும் பெண்களில் பலர் விவசாயக் குடும்பத்தினர். விலை முதல் இரண்டையும்விட அதிகம்தான். கைத்தறிச் சேலை வாங்கிப் பழகியவர்களுக்கு அது உறுத்தாது.

நான்காவதாகச் சொல்லப்போவது மேலே சொன்னவற்றோடு ஒரே தட்டில் வைக்கக்கூடாதது. ஆனால் வாங்குகிறவர்கள் வைத்துவிடுகிறார்கள் என்பதால் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மிண்டனாவ் தீவின் தெற்குக் கொத்தாபாத்தோ மாகாணத்தில் லேக் செபு என்று ஒரு மலை ஊர். செபு நகரம் வேறு, இது வேறு. விமான டிக்கெட் போடும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள், இதற்கு ஜெனரல் சாண்டோஸில் இறங்க வேண்டும். அங்கே வாழும் திபோலிப் பழங்குடிப் பெண்கள் நெய்வது தினாலக். வாழை இனத்தைச் சேர்ந்த அபாகாவின் தண்டிலிருந்து நார் உரித்து, சீவி, முடிச்சுப் போட்டு நீளமாக்கி, பாவு நூலையே இடையிடையே கட்டிச் சாயம் தோய்த்து, இடுப்பில் கட்டும் தறியில் நெய்கிறார்கள். கருப்பு ஒரு மரத்தின் இலையிலிருந்து, சிவப்பு ஒரு செடியின் வேரிலிருந்து, வெளிர் நிறம் நாரின் சொந்த நிறம். வெயில் ஏறினால் நார் காய்ந்து அறும் என்பதால் காலையிலும் மாலையிலும்தான் நெசவு. முடிந்த துணியைச் சோழியால் அழுத்தித் தேய்த்து மினுக்குவார்கள். ஒரு துணி முடிய மாதக் கணக்கில் ஆகும்.

வடிவம் யாருடையது என்ற என் கேள்விக்கு இங்கே கிடைக்கும் பதில் வேறு எங்கும் கிடைக்காது. அபாகாவின் தெய்வமான ஃபூ டாலு கனவில் வந்து காட்டியது என்பார்கள். எல்லா நெசவாளரும் கனவு காண்பதில்லை; கனவில் வந்ததை அம்மாவும் பாட்டியும் சொல்லிக்கொடுக்க, நெய்கிறவர்கள் பலர். வரைந்து வைத்த மாதிரித்தாள் எதுவும் கிடையாது, எல்லாம் மனதில். லாங் டுலாய் என்ற மூதாட்டி இப்படி நூறு வடிவங்களை மனதில் வைத்திருந்தவர். 1998-ல் பிலிப்பைன்ஸ் அரசு மரபுக் கலைஞர்களுக்குத் தரும் உயரிய விருதைப் பெற்றார், தன் ஊரில் இளம்பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார், 2015-ல் காலமானார். 2023-ல் அதே விருது பார்பரா ஓஃபோங் என்ற இன்னொரு தினாலக் நெசவாளருக்குப் போயிற்று.

அப்புறம் வெட்டும் விஷயம். தினாலக்கை வெட்டினால் நோய் வரும் என்பது பழைய நம்பிக்கை. விற்கும்போது தெய்வத்தைச் சமாதானப்படுத்த ஒரு பித்தளை வளையத்தைக் கட்டிக் கொடுப்பார்கள். மணிலாவிலோ தினாலக்கை வெட்டி ஹேண்ட்பேக், செருப்பு, லேப்டாப் உறை என்று பிராண்டுகள் விற்கின்றன. அப்படியானால் வாங்கவே கூடாதா? அவ்வளவு எளிதாக முடிக்க முடியாது. லேக் செபுவிலேயே கௌஹெட் என்ற பெண்கள் கூட்டுறவு முழுத் துணியோடு தினாலக்கில் தைத்த பைகளையும் பர்ஸ்களையும் விற்கிறது. எதை வெட்டலாம், எதைக் கூடாது என்று அவர்களே தங்களுக்குள் பேசி நடைமுறை கண்டிருக்கிறார்கள். அந்த முடிவை எடுக்கும் உரிமை அவர்களுடையது. 1997-ன் பழங்குடியினர் உரிமைச் சட்டமும் சமூகத்தின் அறிவுச் சொத்தைச் சமூகத்துக்கே உரியதாக அங்கீகரிக்கிறது. எனவே அவர்கள் வெட்டித் தைத்து வைத்திருப்பதைத் தாராளமாக வாங்கலாம். நீங்கள் ஒரு அளவு வரைந்து, இதே பூ நூறு வேண்டும், டிசம்பர் 10-க்குள் வேண்டும் என்று கேட்பது வேறு விஷயம். அந்த அவசரத்துக்கு அந்தத் தறி ஓடாது, ஓட வைத்தால் வேதிச் சாயமும் அரைகுறை நெசவும்தான் கைக்கு வரும்.

அதைவிடக் கெட்டது ஒன்றும் உண்டு. சந்தையில் தினாலக் மாதிரியே அச்சடித்த பாலியெஸ்டர் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. திருப்பிப் பாருங்கள்: பின்பக்கம் வெளுத்திருந்தால் அச்சு. கையால் தடவினால் நார் விறைப்பாக, இழைகளின் முடிச்சு ஆங்காங்கே தட்டுப்பட்டால் அபாகா. மணிலாவில் ஹாபி என்ற நெசவு ஆர்வலர் அமைப்பு மக்காத்தியில் ஆண்டுதோறும் நடத்தும் சந்தைக்கு நெசவாளர்களே வருகிறார்கள். சாதாரணமாக அக்டோபரில் நடக்கும். லேக் செபு வரை போக முடியாதவர்கள் அங்கே நேரில் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

அன்னாசி இலை நாரில் நெய்யும் பீன்யாவைப் பற்றியும் கேட்பார்கள். ஆக்லான் மாகாணம் காலிபோவின் அந்த நெசவை 2023-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அழகு. ஆனால் அது பை செய்கிற துணியே இல்லை. மாப்பிள்ளைச் சட்டைக்கான துணி, விலையும் அதற்கேற்ப. நூறு பரிசுக்கு மறந்துவிடுங்கள். சாமார் தீவின் பாசேய் ஊர்ப் பெண்கள் பின்னும் பாய் வேறு கதை. நம் பத்தமடையைப் போலவே கோரை இனப் புல்தான். வெயிலில் புல் முறியும் என்பதால் அங்கே ஒரு குகைக்குள் உட்கார்ந்து பின்னுவார்கள். நிறமும் பூவும் போட்ட அந்தப் பாயில் தைத்த பைகளும் உறைகளும் விலையில் நியாயமானவை. ஜூஸ் பாக்கெட் பிடிக்காதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சரி, முடிவுக்கு வருவோம். உங்கள் கம்பெனி முத்திரை, ஒரே அளவு, தவறாத தேதி என்பவை கட்டாயம் என்றால் பயாத்தாஸ் வழியில் வந்த வடிவமைப்பு நிறுவனங்களிடம் போங்கள். வேறு யாரிடமும் அதைக் கேட்டு அவர்களைச் சிரமப்படுத்த வேண்டாம். பட்ஜெட் குறைவு, வடிவத்தை நீங்களே கொண்டுவருகிறீர்கள் என்றால் பாசிக் மாதிரியான கூட்டுறவு. அங்கே கூட்டம் கூடி முடிவு செய்வார்கள், பதில் வரத் தாமதமாகும், பொறுமை வேண்டும். கடை வைத்திருப்பவர், ஒரு முறை வாங்கிவிட்டுப் போகாமல் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தொடர்ந்து வாங்கப்போகிறவர் என்றால் ஆன்ட்ஹில் போன்ற இடம்தான் என் தேர்வு. தொடர்ந்து வரும் சின்ன ஆர்டர்தான் தறியை ஓட வைக்கிறது, ஒரே தடவை வந்து மறையும் பெரிய ஆர்டரைவிட. தினாலக்கை நூறாக வாங்காதீர்கள். நான்கைந்து பேருக்கு மட்டும் சிறப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் முழுத் துணியாக, நெய்தவர் பெயரோடு, கூட்டுறவிடமிருந்து வாங்குங்கள்.

பத்துப் பொருள் பத்து விதமாக வேண்டும் என்பவர்களுக்கு இந்தத் தேடலே தேவையில்லை. 2008-ல் மணிலாவில் மூன்று பெண்கள் தொடங்கிய எக்கோஸ்டோர் பல பெண்கள் குழுக்களின் பொருட்களை ஒரே கூரையின் கீழ் விற்கும் வழியைக் காட்டியது. அந்தப் பாதையில் வந்த கடைகளில் கூடை கூடையாகப் பொறுக்கிக்கொள்ளலாம். கடைக்காரர் பங்கு போகும், அது அவர் உழைப்புக்கான காசு.

யாரிடம் போனாலும் தேதியை முன்னதாகப் பேசுங்கள். பிலிப்பைன்ஸில் கிறிஸ்துமஸ் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். ஒன்றாம் தேதி மாலில் பாட்டு ஒலிக்கும், அதே வாரம் எல்லாக் கம்பெனிகளும் பரிசு ஆர்டரோடு வரிசையில் நிற்கும். புயல் காலமும் அதே மாதங்கள்தான். 2013 நவம்பர் 8 அன்று யோலண்டா புயல் பாசேய் உள்ளிட்ட சாமார் கரையைச் சூறையாடியபோது அந்த ஆண்டின் கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஏழு வாரம்கூட இருக்கவில்லை. ஜூன் மாதம் மாதிரி கேளுங்கள், ஜூலைக்குள் உறுதி செய்யுங்கள், நூலுக்கும் நாருக்கும் அவர்கள் கடன் வாங்காதபடி பாதிப் பணமாவது முன்னதாகக் கொடுங்கள். மீதியைப் பொருள் வந்த அன்றே அனுப்புங்கள்; உங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவு அறுபது நாள் கழித்துத்தான் காசு தரும் என்றால் அதை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.